செம்பரத்தையின் சுற்றம்

மாந்தர்க்குச் சுற்றம் இருத்தல் போல மரஞ்செடி கொடிகளுக்கும் சுற்றம் உண்டு. ஒரே ஊரில் வாழ்ந்தும் உறவு தெரியாமல் போகும் மனிதர்கள் இருப்பதைப் போலவே, ஒரே வேலியோரத்தில் நின்றும் உறவு அறியப்படாத செடிகளும் உள்ளன. வாசலில் சிவந்து மலரும் செம்பரத்தைக்கும், சமையலறையில் நறுக்கப்படும் வெண்டைக்காய்க்கும், தலையணைக்குள் அடைந்து கிடக்கும் இலவம்பஞ்சுக்கும், பருவம் வந்தால் தெருவெல்லாம் மணக்கும் டுரியானுக்கும் இரத்தத் தொடர்பு உண்டு என்று சொன்னால் நம்புவார் யார்? ஆயினும் அது உண்மை. அந்த உண்மையை ஒரு தமிழ்ப்பள்ளி அறிந்துகொண்ட வரலாறு, செடிகளைப் பற்றியது மட்டுமன்று. சொற்களைப் பற்றியதும் ஆகும்.

கீழ்ப் பேராக் வட்டாரத்தில் தோட்டம் ஒன்றை ஒட்டி அமைந்த சிறு பள்ளி அது. ஒரு பக்கம் செம்பனை; மறு பக்கம் வெட்டப்படாமல் எஞ்சியிருந்த பழைய தென்னைகள்; நடுவே தகரக் கூரையிட்ட லயங்கள். ஐந்தாம் ஆண்டு மாணவர்க்குத் தமிழும் அறிவியலும் கற்பித்து வந்தவர் இளைஞர்; ஆசிரியர் பயிற்சியை முடித்துச் சில ஆண்டுகளே ஆனவர். கடமையில் கண்ணும் கருத்துமாய் இருப்பவர். மாணவர் எழுதும் ஒவ்வோர் ஒற்றெழுத்தையும் விடாமல் பார்ப்பவர். அவருடைய சட்டைப் பையில் சிவப்பு மைப் பேனா என்றும் இருக்கும்.

ஒருநாள் 'நம் நாட்டின் தேசிய மலர்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தார். 1958 ஆம் ஆண்டில் மல்லிகை, தாமரை, ரோசா, மகிழம்பூ முதலிய மலர்களோடு பூங்கா ராயாவும் தேசிய மலராதற்குரியதென முன்மொழியப்பட்டதையும், 1960 ஆம் ஆண்டு சூலை 28 ஆம் நாள் அதுவே மலாயாக் கூட்டரசின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டதையும், அதன் ஐந்து இதழ்கள் 1970 இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளை நினைவூட்டுவதாகக் கூறப்படுவதையும் அவர் முன்பே விளக்கியிருந்தார். 1989 இல் வெளிவந்த சில்லறைக் காசு ஒன்றைக் கொண்டுவந்து, அதில் பொறிக்கப்பட்டிருந்த மலரையும் காட்டியிருந்தார். மாணவர்களும் கேட்டதைக் கேட்டபடி எழுதினர்.

பின்வரிசையில் அமரும் சிறுவன் ஒருவன். எழுத்துப் பிழை மிகுதியாகச் செய்பவன். ஆசிரியர் அறையில் 'மெல்லப் பயிலும் மாணவன்' என்று பெயர் பெற்றவன். அவன் தன் கட்டுரையில் ஏழு இடங்களில் 'செம்பரத்தை' என்று எழுதியிருந்தான். ஏழு இடங்களையும் சிவப்பு மை அடித்தது. மேலே 'செம்பருத்தி' என்று திருத்தம் ஏறியது. பத்து முறை எழுதி வரவேண்டும் என்ற ஆணையும் பிறந்தது.

"ஐயா, எங்க பாட்டி செம்பரத்தைன்னுதான் சொல்லும்" என்றான் சிறுவன், தலையைத் தாழ்த்தியபடி.

"பாட்டி பேசுவது பேச்சு வழக்கு. எழுத்தில் அப்படி எழுதக் கூடாது" என்றார் ஆசிரியர்.

அவர் சினந்து பேசவில்லை. அடித்துவிடவும் இல்லை. ஆனால் சிறுவன் அதன்பின் ஒன்றும் பேசவில்லை. பத்து முறை எழுதிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

இரண்டு வாரங்கள் சென்றன. அறிவியல் பாடத்தில் செடிகளை வகைப்படுத்தும் பகுதி வந்தது. ஆசிரியர் பூங்கா ராயா மலர் ஒன்றைப் பறித்து வந்து மேசையில் வைத்து, அதனை மெல்லப் பிரித்துக் காட்டினார். அடியில் பச்சை நிறப் புல்லிவட்டம்; அதற்கும் கீழே சிறு நாக்குகளைப் போன்ற புறப்புல்லி; மேலே ஒன்றன் ஓரத்தை ஒன்று தழுவிச் சுருண்டிருக்கும் ஐந்து இதழ்கள். நடுவே நீண்டு நிற்கும் குழல்தான் இதன் தனி அடையாளம். பிற மலர்களில் தனித்தனியே நிற்கும் மகரந்தத்தாள்கள் இதில் ஒன்றாய் இணைந்து, சூலகத்தண்டைச் சுற்றி ஒரு குழாயாகி நிற்கும். அக்குழாயின் உச்சியில் ஐந்து சிவந்த புள்ளிகளாகச் சூலகமுடிகள் தோன்றும். இலையைக் கசக்கினால் வழவழப்பான சாறு வரும். பட்டையை உரித்தால் அறாத நார் வரும். இவை இக்குடும்பத்தின் பொது அடையாளங்கள்.

"இந்த அடையாளங்கள் உள்ள வேறு செடிகளைத் தேடிக் கொண்டுவாருங்கள், பெயரையும் தமிழில் எழுதி வாருங்கள்" என்றார் அவர்.

மறுவாரம் பெரும்பாலோர் பூங்கா ராயாவையே வேறு வேறு நிறங்களில் கொண்டுவந்தனர். சிலர் கடையில் வாங்கிய வெண்டைக்காயைக் கொண்டுவந்தனர். அதன் பக்கத்தில் 'பெண்டி' என்று எழுதியிருந்தனர். அம்மலாய்ச் சொல் இந்திய மொழிகளின் 'பிண்டி' என்பதிலிருந்து வந்ததாகும். சொல் கடல் கடந்து வந்து இன்னொரு மொழியில் குடியேறிவிட்டது. தமிழ்ப் பிள்ளைகளோ தம் வீட்டுச் சொல்லை மறந்துவிட்டு அதனைக் கடன் வாங்கிக்கொண்டனர்.

பின்வரிசைச் சிறுவன் ஒரு நெகிழிப் பையைத் தூக்கி வந்தான். உள்ளே செய்தித்தாளில் தனித்தனியே மடித்த கிளைகள். ஒவ்வொன்றிலும் கோணலான எழுத்தில் ஒரு பெயர். பூவரசு. துத்தி. ஒட்டுத்துத்தி. அரிவாள்மனைப் பூண்டு. புளிச்சக்கீரை. வெண்டை. நீர்ப்பருத்தி. பருத்தி. எட்டுப் பெயர்கள். ஆசிரியர் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தார். பூ இருந்தவற்றில் எல்லாம் அக்குழல் இருந்தது. ஒன்றுகூடத் தவறில்லை.

"ஐயா, இலவ மரத்தை எடுத்து வர முடியல. ரொம்ப உயரம்" என்றான் சிறுவன்.

"இலவ மரமா? எங்கே இருக்கிறது?"

"திடல் ஓரத்துல நிக்கிற கெக்காபுதான் ஐயா."

வகுப்பு முழுவதும் சாளரத்தின் வழியே எட்டிப் பார்த்தது. பக்கவாட்டில் கிளைகளை நீட்டி, இலையுதிர்ந்து, காய்களைத் தொங்கவிட்டு நின்றது அம்மரம். 'இலவு காத்த கிளி போல' என்னும் பழமொழியை அவ்வாண்டின் தொடக்கத்தில் எல்லாரும் மனப்பாடம் செய்திருந்தனர்; பொருளும் எழுதியிருந்தனர். காய் பழுக்கும் என்று கிளி காத்திருக்க, காய் வெடித்துப் பஞ்சாய்ப் பறந்துவிட்ட கதையும் சொல்லியிருந்தனர். கதைக்குரிய மரம் நாள்தோறும் தம் விளையாட்டைப் பார்த்து நின்றதை அவர்கள் அறியவில்லை. ஆசிரியரும் அறியவில்லை. சொல் ஓரிடத்தில் இருந்தது. பொருள் ஓரிடத்தில் இருந்தது. இரண்டையும் சேர்த்துவைக்கும் ஆள் பள்ளிக்கு வெளியே இருந்தார்.

அன்று மாலையே ஆசிரியர் அச்சிறுவனோடு லயத்திற்குப் போனார். கிழவி முற்றத்தில் அமர்ந்து தென்னங்கீற்றுச் சீவிக்கொண்டிருந்தார். பால்மரம் வெட்டியவர், புல்வெட்டுக்குப் போனவர், தென்னைகளுக்கு அடியில் கொக்கோ பயிரிட்ட காலத்தில் காய் உடைத்தவர். பள்ளிக்கூடம் போகாதவர்.

"வாங்க வாத்தியாரையா. பையன் ஏதாச்சும் குறும்பு பண்ணிட்டானா?" என்று எழுந்தார்.

"இல்லை அம்மா. உங்கள் செடிகளைப் பார்க்க வந்தேன்."

அக்கிழவியின் முற்றமே ஒரு பாடநூலாய் இருந்தது. வேலியில் செம்பரத்தை, அதன் பூ மாரியம்மன் கோயிலுக்கும், இலை தலைமுழுகுவதற்கும் உரியது. இதழைத் தேய்த்துத் தோல் சப்பாத்துக்கு மெருகேற்றும் வழக்கம் இருந்ததனால் சப்பாத்துப்பூ என்ற பெயரும் அதற்கு உண்டு. வாய்க்கால் ஓரத்தில் பூவரசு. காலையில் மஞ்சளாய் விரியும் அதன் பூ, மாலையில் சிவந்து வாடும். அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாத சிறுவர் அந்நாளில் இல்லை. ஆற்றோரத்தில் நிற்கும் நீர்ப்பருத்தியின் பூவும் இவ்வாறே நிறம் மாறும்.

நடைபாதையின் இருமருங்கிலும் களை என்று வெட்டித் தள்ளப்படுவன சில. அவற்றுள் ஒன்று அரிவாள்மனைப் பூண்டு. வெட்டுக்காயத்திற்கு அதன் இலையைக் கசக்கிக் கட்டுவது வழக்கம். பெயரே மருந்தைச் சொல்கிறது. ஒட்டுத்துத்தி நடப்பவர் உடையில் தன் காய்களை ஒட்டி அனுப்பும். அதற்கும் பெயரே விளக்கம். துத்தியின் காய் சிறு சக்கரம் போன்றது. இதய வடிவான அதன் இலை மூல நோய்க்குச் சித்த மருத்துவத்தில் பெரிதும் போற்றப்படுவது. இவை யாவும் அளவிற் சிறியவை. ஆனால் உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றின் நடுவிலும் அந்த மகரந்தக் குழல் நிமிர்ந்து நிற்கும். ஏழை உறவினர் முகத்தில் குடும்பச் சாயல் தெரிவது போன்றது அது.

புளிச்சக்கீரை என்னும் பெயர் இரு செடிகளுக்கு வழங்குகிறது. சிவந்த புல்லிகளை உடையது ஒன்று. அப்புல்லிகளைக் காய்ச்சி இறக்கும் செந்நிறப் பானம் இன்று 'ரோசல்' என்ற பெயரில் கடைகளில் விற்கப்படுகிறது. 1993 முதல் திரங்கானுவில் அச்செடி வணிகப் பயிராயிற்று. மற்றொன்று நாருக்குப் பேர்போன கெனாப். புகையிலைக்கு மாற்றாக அதனை வளர்க்கும் நோக்கோடு 2010 இல் இந்நாட்டில் ஒரு தேசிய வாரியமே அமைக்கப்பட்டது. கிழவிக்கு இச்செய்திகள் தெரியா. "புளிச்ச கீரையைக் கடைஞ்சு சோத்துல போட்டுச் சாப்பிட்டா வேற கறி வேணாம்" என்பது அவர் அறிந்த செய்தி.

"பால்மரமும் இந்த இனந்தானா அம்மா?" என்று ஆசிரியர் சோதிப்பது போல் கேட்டார்.

"அது எப்படி வாத்தியாரையா? அது ஆமணக்கு, மரவள்ளி சாதி. காயைப் பார்த்தாலே தெரியுமே" என்று சிரித்தார் கிழவி. அது சரியான விடை. தாவர நூலாரும் அவ்வாறே கூறுவர்.

"டுரியான்?"

கிழவி சற்று யோசித்தார். "அது தெரியாது. ஆனா விடியக்காலம் மரத்தடியில கொட்டிக் கிடக்குற பூவைப் பார்த்திருக்கேன். இலவம்பூ மாதிரிதான் இருக்கும்" என்றார்.

ஆசிரியர் அன்றிரவு நூல்களைப் புரட்டினார். டுரியான் மலர் மாலையில் விரியும். இரவில் தேனுண்ண வரும் வௌவால்கள் அதில் மகரந்தம் சேர்க்கும். விடியுமுன் இதழ்கள் உதிரும். கிழவி கண்டவை அவ்வாறு உதிர்ந்த பூக்களே. இலவமும் டுரியானும் நெடுங்காலம் ஒரு தனிக் குடும்பமாகவும், கொக்கோ மற்றொரு குடும்பமாகவும், சணல் வேறொரு குடும்பமாகவும் எண்ணப்பட்டு வந்தன. செடிகளின் மரபணுவை ஒப்பிட்டு ஆராய்ந்த அறிஞர்கள் 1998 இல் வெளியிட்ட புதிய வகைப்பாட்டில் அவையனைத்தையும் செம்பரத்தையின் குடும்பத்தோடு சேர்த்தனர். இன்று அக்குடும்பத்தில் 4,000 க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. கிழவி கொக்கோக் காய் உடைத்த நாள்களிலும் அக்குடும்பத்திற்கே உழைத்திருக்கிறார். ஐரோப்பியச் சதுப்பு நிலங்களில் வளரும் செடியொன்றின் வேரிலுள்ள வழவழப்பைக் கொண்டு செய்யப்பட்டமையால்தான், இக்காலத்துப் பிள்ளைகள் விரும்பி உண்ணும் மார்ஷ்மெல்லோ அப்பெயரைப் பெற்றது. இன்றைய இனிப்பில் அவ்வேர் இல்லை. பெயர் மட்டும் தங்கியிருக்கிறது.

பெயர் மட்டும் தங்கும் இடமும் உண்டு. பெயர் மட்டும் மறையும் இடமும் உண்டு. இவ்விரண்டில் எது பெரிய இழப்பு என்று ஆசிரியர் எண்ணத் தொடங்கினார். அப்போதுதான் அந்த ஏழு சிவப்புக் கோடுகள் அவர் நினைவுக்கு வந்தன.

அடுத்த விடுமுறையில் நண்பர் ஒருவர் வீட்டிற்குச் சென்றார். அங்கே சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதி இருந்தது. பக்கங்களைப் புரட்டினார். 'செம்பரத்தை' இருந்தது. சப்பாத்துப்பூ என்னும் பொருளோடு, யாருடைய அனுமதியையும் எதிர்பாராமல் அச்சில் இருந்தது. 'செம்பருத்தி' என்பதோ சிவந்த பூப் பூக்கும் பருத்தி வகையையும் குறிக்கும் சொல்லாய் இருந்தது. பள்ளிக்கூட வாயில் மிதியாத கிழவி சொன்ன சொல் பிழையன்று. பயிற்சி பெற்ற ஆசிரியர் போட்ட கோடே பிழை.

அதனால் 'செம்பருத்தி' தவறான சொல்லாகிவிடவும் இல்லை. அது இன்று பெருவழக்காய் நிற்கும் நல்ல தமிழ்ச் சொல். அன்றியும், அதற்குள் ஓர் அறிவு ஒளிந்திருக்கிறது. செம்மையான பருத்தி என்றல்லவா அது பொருள்படுகிறது? செம்பரத்தைக்கும் பருத்திக்கும் உள்ள உறவைத் தமிழ் வழக்கு உணர்ந்து வைத்ததோ என்று வியக்கத் தோன்றுகிறது. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1753 இல் தம் நூலில் செம்பரத்தைக்கு இலத்தீன் மொழியில் இட்ட பெயர் 'சீனத்து ரோசா' என்று பொருள்படும். பாமர மக்கள் நாவோ பருத்தியின் பக்கத்தில் அதனைக் கொண்டுபோய் நிறுத்தியது. ரோசாவோடு அதற்கு உறவில்லை; பருத்தியோடு உண்டு.

பருத்தியைத் தமிழர் எளிதில் மறக்கவும் இயலாது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் மலர்களுள் 'பாரம்' என்பதைப் பருத்திப்பூ என்று உரைகாரர் கொண்டனர். பஞ்சிலிருந்து வரும் இழைக்கும் நூல் என்று பெயர். அறிவைத் தரும் ஏட்டிற்கும் நூல் என்று பெயர். இரண்டிற்கும் ஏன் ஒரு பெயர் என்பதற்குப் பவணந்தியார் நன்னூலின் பாயிரத்தில் விளக்கம் தருகிறார்: சொற்களைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் உருவகித்துக் காட்டுகிறார். பஞ்சு இல்லாமல் இழை ஏது? அப்பஞ்சை மூட்டை மூட்டையாக வீட்டில் வைத்திருக்கும் பாட்டியரை வெளியே நிறுத்திவிட்டு, பள்ளிக்கூடம் எதனைக் கொண்டு நூற்பது?

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாளில், ஆசிரியர் அச்சிறுவனின் பழைய கட்டுரை ஏட்டைக் கேட்டு வாங்கினார். வகுப்பினர் முன்னிலையில் அந்த ஏழு கோடுகளின் பக்கத்திலும் 'சரி' என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

"இந்தச் சொல்லைத் திருத்தியது என் தவறு. அகராதியைப் பார்க்காமல் திருத்திவிட்டேன். செம்பரத்தையும் சரி, செம்பருத்தியும் சரி" என்றார்.

மாணவர் சிலர் விழித்தனர். ஆசிரியர் தவறு செய்வார் என்பதே அவர்களுக்குப் புதிய பாடம். சிறுவன் ஏட்டை வாங்கிக்கொண்டு, "அப்போ அந்தப் பத்துத் தடவை எழுதினது?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். ஆனால் அந்தக் கேள்விக்கு அவரிடம் விடை இல்லை.

அவ்வாண்டின் இறுதியில் தோட்டம் கைமாறியது. லயங்கள் இடிக்கப்படும் என்ற செய்தி வந்தது. குடும்பங்கள் நகரத்து அடுக்குமாடி வீடுகளுக்கும், பிள்ளைகள் வேலை பார்க்கும் ஊர்களுக்குமாகப் பிரிந்தன. கிழவி புறப்படுவதற்கு முந்தின நாள் ஆசிரியர் விடைபெற்றுவரச் சென்றார். தட்டுமுட்டுப் பொருள்கள் கட்டப்பட்டுக் கிடந்தன. கிழவி கத்தியோடு வேலியோரம் நின்று, செம்பரத்தைக் கிளைகளைச் சாய்வாக நறுக்கிக்கொண்டிருந்தார்.

"இது விதை விடாது வாத்தியாரையா. கிளையை வெட்டி நட்டாத்தான் உண்டு. எங்க அம்மா வேற தோட்டத்துலேருந்து கொண்டாந்து வச்சது" என்றார்.

ஆம். நம் வீடுகளில் வளரும் செம்பரத்தையில் விதை பிடிப்பது அரிது. ஊர்தோறும் அது பரவியது காற்றாலும் அன்று, பறவையாலும் அன்று. பிரிந்து போகின்றவர் ஒருவர் ஒரு முழக் கிளையை மூட்டையில் செருகிக்கொண்டு போனதால்தான். கொண்டுபோனவர் மறந்தால் செடியின் பயணம் அங்கேயே முடிந்துவிடும். மொழியின் நிலையும் இதுவே. அது தானாய் முளைக்கும் என்று காத்திருப்போர் இலவு காத்த கிளியாவர்.

கிழவி இரண்டு கிளைகளை ஆசிரியர் கையில் கொடுத்தார். மற்றவற்றை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டார். நான்காம் மாடியில், பழைய சாயத் தகரத்தில் அவற்றை நட்டிருப்பதாகப் பின்னர்ச் சிறுவன் வழியே செய்தி வந்தது. அவன் நகரத்திலுள்ள வேறொரு தமிழ்ப்பள்ளியில் சேர்ந்திருந்தான்.

தோட்டத்துப் பள்ளியில் நட்ட கிளைகளுள் ஒன்று பட்டுப்போயிற்று. மற்றொன்று வேர்பிடித்தது. அதன் பக்கத்தில் மாணவர் ஒரு பலகை நட்டனர். மேலே 'செம்பரத்தை', அடுத்து 'செம்பருத்தி', அடுத்துப் 'பூங்கா ராயா' என மூன்று பெயர்கள். திடலோரத்து மரத்திற்கும் ஒரு பலகை கிடைத்தது: 'இலவம் – கெக்காபு'. வேலியோரத்து ஒட்டுத்துத்திக்கும் அரிவாள்மனைப் பூண்டுக்கும்கூடச் சிறு பலகைகள் வைக்கப்பட்டன. புல் வெட்ட வருபவர் அவற்றை விட்டுவிட்டு வெட்டுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார்.

செம்பரத்தைப் பூ பெரும்பாலும் ஒரு பகல் மட்டுமே விரிந்திருக்கும். மாலையில் சுருங்கும், மறுநாள் உதிரும். ஆனால் செடி வெறுமையாய் நிற்பதில்லை. மறுநாள் காலையில் வேறொரு கிளையில் வேறொரு பூ விரிந்திருக்கும். நாட்டிலுள்ள 500 க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில், நாள்தோறும் யாரோ ஒரு பிள்ளை வீட்டிலிருந்து ஒரு சொல்லைக் கொண்டுவந்து ஏட்டில் எழுதுகிறது. அது பிழையாகவும் இருக்கலாம்; பழஞ்சொல்லாகவும் இருக்கலாம். சிவப்பு மையைத் தொடுமுன் ஆசிரியர் ஒரு கணம் நின்று அகராதியைத் திறப்பாராக. அகராதியில் இல்லையெனில், அப்பிள்ளையின் பாட்டியிடம் கேட்டு வருவாராக.